இன்ஹேலரும் இருபத்தோராயிரமும்: ஒரகடம் பக்கம் மருத்துவக் காப்பீடு

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிற நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "எனக்கு ஆஸ்துமா இருக்கு, தினமும் இன்ஹேலர் எடுக்கறேன். தனியார் ஹெல்த் இன்சூரன்ஸ் கிடைக்குமா?" சிலர் அப்பாவுக்காகக் கேட்பார்கள். "சிஓபிடி-ன்னு டாக்டர் எழுதிட்டார், இனிமே யாராவது பாலிசி குடுப்பாங்களா?"

நான் டாக்டர் இல்லை, இன்சூரன்ஸ் ஏஜென்ட்டும் இல்லை. சாஃப்ட்வேர்காரன். ஒரு சிஸ்டம் எப்படி வேலை செய்யுதுன்னு அதோட ஆவணத்தைப் படிச்சுப் பார்க்கிற பழக்கம் மட்டும் உண்டு. ஈஎஸ்ஐ விதிகள், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் விதிகள், சில தீர்ப்புகள் ஆகியவற்றைப் படித்து எடுத்த குறிப்புகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுருக்கமான பதில்: கிடைக்கும், பல சமயம். ஆனால் இந்தப் பகுதியில் வேலை பார்க்கிறவருக்கு "கிடைக்குமா" என்பதைவிட "எப்போ வாங்கணும்" என்பதுதான் பெரிய கேள்வி. ஏன்னா, இங்கே பெரும்பாலான தொழிலாளர்களிடம் நுரையீரலைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காத காப்பீடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால் அது போய்விடும். அதற்குப் பிறகு வாங்குகிற தனியார் பாலிசி, நுரையீரலுக்குப் பணம் தர மூணு வருஷம் வரை ஆகும். நடுவில் வரும் அந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நோய்

ஆஸ்துமா, சிஓபிடி இரண்டையும் நம்ம ஊரில் "வீசிங்", "இழுப்பு" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். காப்பீட்டுக் கம்பெனிக்கு இரண்டும் வேறு. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் சுருங்கும், மருந்து எடுத்தால் பெரும்பாலும் திரும்ப விரியும். சிஓபிடி-யில் அடைப்பு முழுசாகத் திரும்பாது, வருஷம் போகப்போகக் கூடும். இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவுகிற சோதனை ஸ்பைரோமெட்ரி. ஒரு குழாயில் பலமாக ஊத வேண்டும். முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்றை, மொத்தம் வெளியேறும் காற்றால் வகுப்பார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் இந்த விகிதம் 0.7-க்குக் கீழே இருந்தால் அது சிஓபிடி-க்கான அளவுகோல். இவை தவிர நுரையீரல் தழும்பேறும் நோய்கள், பிராங்கியெக்டேசிஸ், சிலிக்கோசிஸ் என்று இன்னும் உண்டு.

புகை பிடிக்கிறவனுக்குத்தான் இதெல்லாம் வரும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் 2019-ல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, பெரியவர்களுக்கு வரும் ஆஸ்துமாவில் சுமார் 16 சதவீதத்துக்கும் சிஓபிடி-யில் சுமார் 14 சதவீதத்துக்கும் வேலையிடத் தூசியும் புகையும் ஆவியும் காரணம் என்று மதிப்பிட்டது. வெல்டிங் புகை, ஃபவுண்டரி மணலில் இருக்கும் சிலிக்கா, பெயிண்ட் ஷாப்பில் இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கிற பாலியூரித்தேன் பெயிண்டில் இருக்கும் ஐசோசயனேட் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். கார், டயர், கண்ணாடி, உதிரிபாகம் என்று எல்லாம் செய்கிற ஒரு பகுதியில் இது நமக்கு அந்நியமான விஷயம் இல்லை.

ஒருத்தர் ஏன் கேட்கிறார், இன்னொருத்தர் ஏன் கேட்கவில்லை

தனியார் காப்பீட்டை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். அப்படி இருந்தால், மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு வாங்குகிறவர்கள் நிறைய வருவார்கள். ஆரோக்கியமாக இருப்பவர்கள் தள்ளிப்போடுவார்கள். செலவு ஏறும், பிரீமியம் ஏறும், ஏறினால் ஆரோக்கியமானவர்கள் இன்னும் விலகுவார்கள். இதைத் தடுக்கத்தான் கம்பெனி உங்கள் உடம்பைப் பற்றி இத்தனை கேள்வி கேட்கிறது.

ஈஎஸ்ஐ கேட்பதில்லை. அதில் சேர்வது உங்கள் விருப்பம் இல்லை என்பதுதான் காரணம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் சம்பள வரம்புக்குள் இருக்கிற எல்லாரும் சேர்ந்தே ஆக வேண்டும். நோயாளி மட்டும் தேர்ந்தெடுத்து வர முடியாது. பேராசிரியர் பி.பி. அடார்க்கர் 1944-ல் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தயாரித்துக் கொடுத்த திட்ட அறிக்கையிலிருந்து 1948-ம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. அமெரிக்காவில் 2014 ஜனவரி 1-லிருந்து தனியார் கம்பெனிகள்கூட ஏற்கெனவே இருக்கும் நோயைக் காட்டி மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. இந்தியாவில் தனியார் சந்தைக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால் சம்பள வரம்புக்குள் இருக்கிற தொழிற்சாலைத் தொழிலாளிக்கு, நுரையீரல் நோயோடு முதல் நாளிலேயே உள்ளே போகக்கூடிய கதவு ஈஎஸ்ஐ.

அதில் என்ன கிடைக்கும்? ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். வயது 38, வெல்டிங் லைன், மாதச் சம்பளம் 20,400 ரூபாய். அவர் பங்கு 0.75 சதவீதம், அதாவது 153 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 663 ரூபாய். மொத்தம் மாதம் 816 ரூபாய். இதற்கு அவருக்கும் குடும்பத்துக்கும் வெளிநோயாளி சிகிச்சை, மாத்திரை, இன்ஹேலர், படுக்கைச் சிகிச்சை எல்லாம். உடம்பு முடியாமல் லீவு போட்டால் இரண்டு அடுத்தடுத்த பலன் காலங்களில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். நீண்டகால நோய்கள் என்று 34 நோய்களின் பட்டியல் ஒன்று உண்டு. பிராங்கியெக்டேசிஸும், நுரையீரல் தழும்பேறும் நோயும், இதயத்தையும் பாதித்துவிட்ட சிஓபிடி-யும் அதில் இருக்கின்றன. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்தவருக்கு இந்த நோய்களுக்காக 80 சதவீதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை கிடைக்க வழியிருக்கிறது. வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளம் தருவது சாதாரண மெடிக்ளெய்ம் பாலிசியில் கிடையாது.

ஈஎஸ்ஐ மருந்தகத்தில் கூட்டம், பெரிய சிகிச்சைக்கு சென்னை கே.கே. நகரோ அயனாவரமோ போக வேண்டிய அலைச்சல், ஒரு நாள் லீவு போவது எல்லாம் எனக்கும் தெரியும். அந்த எரிச்சலில் பலர் கார்டை டிராயருக்குள் போட்டுவிட்டு, பக்கத்து கிளினிக்கில் கைக்காசு கொடுத்து பஃப் வாங்கிக்கொள்கிறார்கள். அது அவரவர் வசதி. ஆனால் ஐசியூ-வில் பத்து நாள் என்று வந்தால் அந்தக் கார்டின் மதிப்பு வேறு.

21,000 என்ற கோடு

ஈஎஸ்ஐ சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. 2017 ஜனவரி 1-ல் வந்த எண் இது. அன்றைக்கு 14,000 வாங்கியவர் இன்று இந்தக் கோட்டைத் தொட்டிருப்பார். நம்ம வெல்டருக்கு 1,500 ரூபாய் இன்க்ரிமென்ட் வந்தால் 21,900. கோட்டைத் தாண்டிவிட்டார்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம். ஈஎஸ்ஐ வருஷத்தை இரண்டு பங்களிப்புக் காலமாகப் பிரிக்கிறது: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். ஒரு காலத்தின் நடுவில் சம்பளம் கூடினால், அந்தக் காலம் முடியும் வரை நீங்கள் உள்ளேதான். அந்தக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால், அதற்கான பலன் காலம் பிறகு வரும். ஏப்ரல்–செப்டம்பருக்கு அடுத்த ஜனவரி–ஜூன். அக்டோபர்–மார்ச்சுக்கு அடுத்த ஜூலை–டிசம்பர்.

இதை நம்ம ஆளுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

இன்க்ரிமென்ட் ஏப்ரல் 1 முதல் அமல் என்றால்: கடைசிப் பங்களிப்பு மார்ச்சோடு முடிகிறது. சிகிச்சை உரிமை அந்த டிசம்பர் 31 வரை. ஒன்பது மாதம்.

இன்க்ரிமென்ட் மே 1 முதல் அமல் என்றால்: செப்டம்பர் வரை பணம் பிடிப்பார்கள். சிகிச்சை உரிமை அடுத்த வருஷம் ஜூன் 30 வரை. பதினான்கு மாதம்.

ஒரு மாதத் தள்ளுபடி, ஐந்து மாதக் கூடுதல் பாதுகாப்பு. பே-ஸ்லிப்பில் ஈஎஸ்ஐ பிடித்தம் நின்ற அன்றைக்கே எல்லாம் முடிந்தது என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். இன்னொன்று: ஓவர்டைம் பணம் வரம்புக் கணக்கில் சேராது. ஓடி காரணமாக ஒரு மாதம் 23,000 வந்தது என்பதற்காக உங்களை வெளியே எடுக்க முடியாது. எந்தெந்தப் படி கணக்கில் சேர்ந்தது என்று எச்.ஆர்-இடம் மெயிலில் கேளுங்க, வாய்ப்பேச்சு வேண்டாம்.

கோட்டைத் தாண்டிய குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடும் எட்டாது. அதற்கான வருமான வரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். நம்ம வெல்டரின் சம்பளம் பழைய கணக்கிலேயே ஆண்டுக்கு 2,44,800. ஆக ஈஎஸ்ஐ-க்கும் சம்பளம் அதிகம், அரசுத் திட்டத்துக்கும் அதிகம், தனியாருக்கோ அவர் நோயாளி.

தனியார் பாலிசியில் ஓடும் மூன்று கடிகாரங்கள்

ஐஆர்டிஏஐ 2024 ஏப்ரல் 1 முதல் அமலாக்கிய விதிகளில் மூன்று கால அளவுகள் மாறின. இவற்றைத் தனித்தனியாகப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

முதலாவது பின்னோக்கி ஓடுகிறது. பாலிசி தொடங்கும் தேதிக்கு முந்தைய 36 மாதத்துக்குள் டாக்டர் கண்டுபிடித்த, அல்லது சிகிச்சை பெற்ற, அல்லது சிகிச்சை பெறச் சொல்லி அறிவுறுத்தப்பட்ட நோய்தான் "முன்பே இருக்கும் நோய்". முன்பு இது 48 மாதம்.

இரண்டாவது முன்னோக்கி. முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். இதுவும் முன்பு 48. கம்பெனி இதைவிடக் குறைவாக வைக்கலாம். கூடுதல் பிரீமியத்துக்குக் காத்திருப்பைக் குறைக்கிற ரைடர்கள் உண்டு. ஆஸ்துமா போன்ற சில நோய்களுக்கு 31-ம் நாளிலிருந்தே கவர் தருகிறவையும் சந்தையில் இருக்கின்றன.

மூன்றாவது 60 மாதம். பாலிசி தொடர்ந்து ஐந்து வருஷம் ஓடிவிட்டால், மோசடி நிரூபணமானால் தவிர, "நீ அன்றைக்கு இதைச் சொல்லவில்லை" என்று கம்பெனி கிளற முடியாது. முன்பு இது எட்டு வருஷம்.

இந்த மூன்றையும் ஈஎஸ்ஐ-யின் தேதிகளோடு சேர்த்து வையுங்க. நம்ம வெல்டர் ஏப்ரல் 1-ல் வரம்பைத் தாண்டி, அன்றைக்கே 36 மாதக் காத்திருப்புள்ள தனியார் பாலிசி எடுத்தால், நுரையீரலுக்குக் கவர் இல்லாத காலம் டிசம்பர் முடிவிலிருந்து சுமார் 2 வருஷம் 3 மாதம். ஈஎஸ்ஐ முழுசாக முடிந்த பிறகு ஜனவரியில் எடுத்தால் மூன்று வருஷம். 18,000 வாங்கிக்கொண்டிருந்தபோதே, ஈஎஸ்ஐ இருக்கும்போதே சின்னதாக ஒரு பாலிசியை ஆரம்பித்திருந்தால், வரம்பைத் தாண்டுகிற நாளில் காத்திருப்பு முடிந்திருக்கும். இடைவெளி பூஜ்யம். இரண்டும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளத் தடை இல்லை.

அதனால்தான் சொல்கிறேன்: சம்பளம் 17,000, 18,000 என்று இருக்கும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது. ஆரம்பத்தில் பெரிய தொகைக்கு எடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. எல்லாக் கம்பெனிகளும் விற்க வேண்டிய பொதுவான பாலிசி என்று 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி மாதிரி எளிமையான ஒன்று போதும். அதில் ஒவ்வொரு க்ளெய்மிலும் 5 சதவீதம் நம் பங்கு. பின்னால் தொகையைக் கூட்டினால், கூட்டிய பகுதிக்கு மட்டும் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். தனிநபர் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் இல்லை.

காத்திருப்புக் காலத்தில் பாலிசி வெறும் காகிதமும் அல்ல. விபத்துக்கு முதல் நாளிலிருந்தும், டெங்கு, அப்பென்டிக்ஸ் மாதிரி புதிதாக வருபவற்றுக்கு 30 நாளுக்குப் பிறகும் கவர் உண்டு.

கம்பெனி சொல்லக்கூடிய பதில்கள்

விண்ணப்பம் போட்டால் மூன்றில் ஒன்று வரும். சாதாரண பிரீமியம், காத்திருப்போடு சம்மதம். அல்லது கூடுதல் பிரீமியத்தோடு சம்மதம். அல்லது மறுப்பு. இன்ஹேலரில் கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமாவுக்கு முதல் இரண்டில் ஒன்று வர நல்ல வாய்ப்பு. அடிக்கடி அட்மிட் ஆனவர், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர், சிஓபிடி-யோடு இன்னும் சிகரெட் பிடிப்பவர் என்றால் மறுப்பு வரலாம்.

"உன்னை எடுத்துக்கறேன், ஆனா உன் நுரையீரலுக்கு மட்டும் ஆயுசுக்கும் கிடையாது" என்று சொல்ல முடியுமா? ஐஆர்டிஏஐ 2019 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், விண்ணப்பதாரர் சம்மதத்தோடு நிரந்தரமாக விலக்கக்கூடிய நோய்கள் என்று ஒரு பட்டியல் தந்தது. நாட்பட்ட சிறுநீரக நோய், கல்லீரல் நோய், வலிப்பு, பக்கவாதம் எல்லாம் அதில் உண்டு. நுரையீரலைத் தாக்கக்கூடிய சார்காய்டோசிஸும் உண்டு. ஆஸ்துமாவும் சிஓபிடி-யும் அதில் இல்லை. ஆனால் மொத்தமாக மறுக்கும் உரிமை கம்பெனிக்கு இருக்கிறது. மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கி வையுங்க. கம்பெனிக்குக் கம்பெனி அளவுகோல் வேறு. ஒருவர் மறுத்தால் எல்லாரும் மறுப்பார்கள் என்று அர்த்தமில்லை.

சொல்லலாமா, மறைக்கலாமா

"சார், ஆஸ்துமா கீஸ்துமா எல்லாம் எழுதாதீங்க. மூணு வருஷம் போனா எல்லாம் சரியாயிடும்." இப்படிச் சொல்லும் ஏஜென்ட் எல்லா ஊரிலும் உண்டு. ஃபார்மை அவரே நிரப்புவார், எல்லாக் கட்டத்திலும் "இல்லை" என்று டிக் அடிப்பார், கையெழுத்து மட்டும் உங்களுடையது.

இது எங்கே மாட்டும் தெரியுமா? ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு முட்டி எமர்ஜென்சிக்குப் போகும்போது. டியூட்டி டாக்டர் "எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்பார். பதற்றத்தில் வீட்டுக்காரம்மா "இவருக்குச் சின்ன வயசுலேர்ந்தே வீசிங் இருக்கு டாக்டர்" என்பார். கேஸ் ஷீட்டில் "அறிந்த ஆஸ்துமா நோயாளி, 20 ஆண்டுகள்" என்று ஏறிவிடும். க்ளெய்ம் பார்க்கிறவர் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான்.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் நிலைமை புரியும். 2009-ல் சத்வந்த் கவுர் சந்து வழக்கில், சிறுநீரகம் பழுதாகியிருந்ததைச் சொல்லாமல் "ஆரோக்கியமாக இருக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தவரின் க்ளெய்மை மறுத்தது சரி என்று தீர்ப்பானது. 2021 டிசம்பரில் மன்மோகன் நந்தா வழக்கில், சர்க்கரை நோயைச் சொல்லிவிட்டு வெளிநாட்டுப் பயணப் பாலிசி எடுத்தவர், அமெரிக்கா போய் இறங்கியதும் மாரடைப்பு வந்தவர். கொழுப்பு மாத்திரை எடுத்ததைச் சொல்லவில்லை என்று கம்பெனி மறுத்தது. நோயைத் தெரிந்து பாலிசி கொடுத்த பிறகு அந்த நோயையே காட்டி மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சொன்னவருக்குச் சட்டம் துணை வந்தது, மறைத்தவருக்கு வரவில்லை. ஐந்து வருஷக் கடிகாரத்தை நம்பி மறைக்கிறவரும், அதிலும் மோசடிக்கு விலக்கு இருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இதில் ஒரு நுட்பம். "முன்பே இருக்கும் நோய்" என்பதற்கு 36 மாதக் கணக்கு. ஆனால் ஃபார்மில் "எப்போதாவது ஆஸ்துமா இருந்ததா?" என்று கேட்டிருந்தால், பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்ததையும் எழுதத்தான் வேண்டும். கேள்வி என்னவோ அதற்குத்தான் பதில். நிரப்பிய ஃபார்மின் நகல் பாலிசியோடு வரும். 30 நாள் ஃப்ரீ-லுக் உண்டு. அதற்குள் நீங்கள் சொன்னது எல்லாம் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் உடனே மெயில் அனுப்புங்க.

கவர் வந்த பிறகும் கைக்காசு

மூணு வருஷம் முடிந்தாலும் எல்லாம் கிடைத்துவிடாது. பெரும்பாலான பாலிசிகள் படுக்கைச் சிகிச்சைக்குத்தான். மாதாமாதம் வாங்கும் இன்ஹேலர், ஸ்பைரோமெட்ரி, ஓபி ஃபீஸ் எல்லாம் நம் கையிலிருந்து. மருத்துவமனைக்கு வெளியே பயன்படுத்தும் ஆக்சிஜன் சிலிண்டர், ஸ்பேசர், நெபுலைசர் கிட் ஆகியவை பணம் தராத பொருட்களின் பட்டியலில் இருக்கின்றன. வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் சிகிச்சைக்கான பிரிவில் ஆஸ்துமா, மூச்சுக்குழாய் அழற்சி இரண்டையும் விலக்கும் பழைய வாசகம் இன்னும் பல பாலிசிகளில் தொடர்கிறது. சோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் க்ளெய்ம் வராது.

காத்திருப்புக் காலத்தில் நிமோனியா வந்தால் இன்னொரு சிக்கல். விலக்கு என்பது நோய்க்கும் அதன் "நேரடி விளைவுகளுக்கும்" சேர்த்து. நிமோனியா தனித் தொற்றா, சிஓபிடி முற்றியதால் வந்ததா என்பதில்தான் க்ளெய்ம் நிற்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் எது முதன்மை நோய், எது கூட இருந்தது என்று தெளிவாக எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை. இல்லாததை எழுதச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

கம்பெனியின் குரூப் பாலிசி

21,000-ஐத் தாண்டியவர்களுக்குப் பல தொழிற்சாலைகள் குரூப் மெடிக்ளெய்ம் எடுக்கின்றன. எல்லாரையும் மொத்தமாகச் சேர்ப்பதால் முன்பே இருக்கும் நோய்க்கும் முதல் நாளே கவர் தருவது வழக்கம். நல்ல விஷயம். ஆனால் அது வேலையோடு ஒட்டியது. நோக்கியா ஆலை 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் நிறுத்தியதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. வேலை போகும் நாளில் குரூப் கவரும் போகும், அதுவும் நாற்பதைத் தாண்டிய வயதில்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. குரூப்பில் இருப்பவர் அதே காப்பீட்டுக் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறும் உரிமையை ஐஆர்டிஏஐ விதி தருகிறது. குரூப்பில் இருந்த காலம் காத்திருப்பில் கழியும். கம்பெனி உடல்நிலையைப் பரிசீலிக்கும் என்றாலும், வெளியிலிருந்து புதிதாக வருகிறவரைவிட உங்கள் நிலை மேல். ரிசைன் லெட்டர் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும். ரிலீவ் ஆன பிறகு கேட்டால் பேச ஆள் இருக்காது.

நோய் வேலையிலிருந்தே வந்திருந்தால்

சிலிக்கோசிஸ், வேலையால் வரும் ஆஸ்துமா போன்றவை சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோய்கள். இவை வேலையிடத்தில் பட்ட காயம் மாதிரியே கணக்காகும். தற்காலிக இயலாமைக்கு 90 சதவீதச் சம்பளம். நிரந்தர இழப்பு என்று மருத்துவ வாரியம் சொன்னால், இழப்பின் அளவுக்கு ஏற்ப வாழ்நாள் மாதத் தொகை. ஈஎஸ்ஐ-க்கு வெளியே இருப்பவர்களுக்குச் சட்டப்படி இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு. கான்ட்ராக்ட் தொழிலாளி என்றாலும் ஈஎஸ்ஐ பணம் கட்டப்படுவதற்கு முதன்மை முதலாளிக்கும் பொறுப்பு உண்டு.

இந்த உரிமைக்கு ஆதாரம் தேவை. சனி, ஞாயிறு லீவில் மூச்சு லேசாகி, திங்கள் ஷிப்ட் ஏறியதும் இறுகுகிறதா? டாக்டரிடம் அதைச் சொல்லுங்க, எந்த லைன், என்ன பொருள், எத்தனை வருஷம் என்பதையும் ஓபி சீட்டில் எழுதச் சொல்லுங்க. பத்து வருஷம் கழித்து அந்தச் சீட்டுதான் பேசும்.

எல்லாக் கதவும் மூடினால்

ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகப் போனால் தாம்பரம் சானடோரியம். டாக்டர் சவுரி முத்து 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கிய இடம், இன்று அரசு நெஞ்சக மருத்துவமனை. காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே சிகிச்சை உண்டு. தனியார் மறுத்துவிட்ட பெரியவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

ஓய்வு பெறுகிறவர்களுக்கு ஒன்று. குறைந்தது ஐந்து வருஷம் ஈஎஸ்ஐ-யில் இருந்து, ஓய்வு வயதிலோ விருப்ப ஓய்விலோ வெளியேறினால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டிக் கணவன் மனைவி இருவரும் ஈஎஸ்ஐ சிகிச்சையைத் தொடரலாம். 120 ரூபாய், எழுத்துப் பிழை இல்லை. ஓய்வுக்கு முன்பே சம்பள வரம்பைத் தாண்டி வெளியே போனவர்களுக்கும், 30,000 ரூபாய் சம்பளம் வரை, இதை நீட்டிக்க 2024 பிப்ரவரியில் ஈஎஸ்ஐ கழகம் ஒப்புதல் தந்தது. உங்கள் அப்பா எண்பதுகளிலிருந்து ஏதாவது ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றால், அவருடைய பழைய ஈஎஸ்ஐ எண்ணைத் தேடி எடுங்க.

க்ளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்க. ஒரு மாதத்தில் பதில் சரியில்லை என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிட முடியும். கம்பெனியின் இறுதி மறுப்பிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

பே-ஸ்லிப்பை எடுத்து ஈஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா, 21,000-க்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று பாருங்க. ஒரு ஸ்பைரோமெட்ரி எடுத்து, தேதியோடு ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்க. பீடி, சிகரெட் இருந்தால் நிறுத்துங்க. அது நுரையீரலுக்கும் நல்லது, விண்ணப்பத்துக்கும் நல்லது. நோயை மறைக்காமல் எழுதி இரண்டு மூன்று கம்பெனிகளில் கேளுங்க. பாலிசி கிடைத்துவிட்டால் புதுப்பிக்கும் தேதியைத் தவறவிடாதீங்க. க்ளெய்ம் வாங்கினீர்கள் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்க முடியாது. ஆனால் நீங்களே விட்டுவிட்டால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும்.

சம்பள வரம்பை ஏற்றினால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது. அதுவரைக்கும், அடுத்த இன்க்ரிமென்ட் லெட்டர் கைக்கு வரும்போது, தொகையோடு சேர்த்து "எந்தத் தேதி முதல் அமல்" என்ற வரியையும் ஒரு தடவை படிச்சுடுங்க.